கணக்குக்கு ஓர் உடல்



உயிர்ப்பொருளால் ஆகிய கணிப்பொறி என்பது இலக்கிய மேடைக்கு அயலான பொருளாகத் தோன்றக்கூடும். ஆயினும் அதன் முப்பதாண்டு வரலாற்றில் அந்தாதி இருக்கிறது, பாடபேதம் இருக்கிறது, ஒரே ஒரு சொல்லின் பொருளைப் பற்றி அறிவியலார் தமக்குள் நடத்திய வழக்கும் இருக்கிறது. சொல்லோடு பழகியவர்கள் கூடியிருக்கும் அவையில் அதனைப் பேசுவது பொருந்தும்.

கணிப்பொறி என்றவுடன் சிலிக்கன் சில்லும் அதில் ஓடும் மின்சாரமும் நினைவில் எழுகின்றன. ஆனால் கணித்தல் சிலிக்கனுக்கே உரிய தொழிலன்று. ஆலன் டூரிங் 1936-இல் எண்ணிக் கண்ட பொறி, ஒரு நாடாவில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து, விதிப்படி வேறு குறிகளை எழுதிச் செல்லும், அவ்வளவே. அந்த நாடா எதனால் ஆனதாயினும் கணக்கு கணக்குத்தான். இந்த எண்ணம் பல்லாண்டுகள் தத்துவமாகவே கிடந்தது. அதனைச் சோதனைக் குழாய்க்குள் இறக்கியவர் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனார்டு அடில்மன். மறைகுறியீட்டுத் துறையில் புகழ்பெற்ற ஆர்.எஸ்.ஏ. முறையை 1977-இல் கண்ட மூவருள் அவர் ஒருவர். பெயரின் கடைசி எழுத்து அவருடையது. கணித அறிஞரான அவர் நடுவயதில் உயிரியல் கற்கப் புகுந்து, ஜேம்ஸ் வாட்சன் எழுதிய பாடநூலைப் படித்துக்கொண்டிருந்தார். டி.என்.ஏ. இழையின்மீது ஊர்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, அதற்கு இணையான எழுத்தைக் கோத்துச் செல்லும் நொதியைப் பற்றிய பகுதி வந்தது. அது டூரிங்கின் பொறியாகவே அவருக்குத் தோன்றிற்று.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு எளிய தோற்றம் உடையது. ஏழு நகரங்கள், அவற்றிடையே ஒருவழிப் பாதைகள் பதினான்கு. குறிப்பிட்ட ஒரு நகரில் புறப்பட்டு, குறிப்பிட்ட மற்றொரு நகரில் முடித்து, ஒவ்வொரு நகரையும் ஒரே முறை தொட்டு வர வழி உண்டா? ஏழு நகருக்கு இதனைத் தாளில் போட்டுப் பார்த்தே சிறிது நேரத்தில் சொல்லிவிடலாம். நகரங்கள் பெருகும்போதுதான் கணக்கின் உண்மை முகம் தெரியும். எல்லா நகரங்களுக்கிடையேயும் பாதை இருப்பதாகக் கொண்டால், ஏழு நகரில் இடைப்பட்ட ஐந்தை வரிசைப்படுத்த 120 வழிகள். பன்னிரண்டு நகராயின் 36,28,800 வழிகள். இருபத்திரண்டு நகராயின் வழிகளின் தொகை பத்தொன்பது இலக்க எண்.

டி.என்.ஏ. நான்கெழுத்து மொழி. அடினைன் தைமினோடு மட்டுமே சேரும். குவானைன் சைட்டோசினோடு மட்டுமே சேரும். அடில்மன் ஒவ்வொரு நகருக்கும் இருபது எழுத்தில் ஒரு பெயர் இட்டார். பாதைக்குப் பெயரிட்ட முறைதான் இந்த அவையின் கருத்துக்கு உரியது. ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்லும் பாதையின் பெயர், புறப்படும் நகர்ப்பெயரின் பின்பாதியையும் சேரும் நகர்ப்பெயரின் முன்பாதியையும் கொண்டது. ஆக, ஒரு பாதையின் ஈற்றில் ஒரு நகர்ப்பெயரின் முன்பாதி நிற்கும். அடுத்த பாதை அதே பெயரின் பின்பாதியில் தொடங்கும். அந்நகர்ப்பெயருக்கு இணையான இழை இவ்விரண்டையும் ஒருசேரத் தழுவிப் பிடிக்க, ஒட்டும் நொதி வந்து மூட்டை இணைத்துவிடும். ஒரு பாட்டின் அந்தம் அடுத்ததன் ஆதியாகத் தொடுப்பது தமிழ்ப் புலவர்க்குப் பழகிய கலை. சோதனைக் குழாயில் அந்தத் தொடையைத் தொடுத்தவை மூலக்கூறுகள். புலவர் எவரும் அங்கில்லை.

ஒரு தேக்கரண்டியின் ஐம்பதில் ஒரு பங்கு நீரில் இது நடந்தது. ஏறத்தாழக் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவுக்குப் பாதை இழைகள் அதில் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றும் ஒரு பயணம்: சரியானதும் உண்டு, வழி தவறியதும் உண்டு, ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி வந்ததும் உண்டு. விடை ஒரு நொடிக்குள் குழாயினுள் உருவாகிவிட்டது என்று அடில்மன் பின்னாளில் எழுதினார். ஆனால் அதனை வெளியே எடுக்க ஏழு நாட்கள் ஆயின. தொடக்கமும் முடிவும் சரியாக உள்ள இழைகளை மட்டும் பெருக்கி, அவற்றுள் 140 எழுத்து நீளம் உடையவற்றைக் கூழ்த் தகட்டில் பிரித்து, பின்னர் காந்தமணிகளில் நகர்ப்பெயரின் இணையிழையைக் கட்டி, ஒவ்வொரு நகரையும் தொட்டவற்றை வரிசையாகப் பிடித்தெடுத்து... இப்படியாக வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. 1994 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வெளியாயிற்று.

வியப்புக்குக் காரணம் ஏழு நகரல்ல. மின்கணிப்பொறி ஒவ்வொரு வழியையும் அடுத்தடுத்துச் சோதிக்கும். இங்கோ எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டன. ஒரு வினைக்கு ஆகும் ஆற்றல் அன்றைய மீக்கணினிகளின் செலவில் பல நூறு கோடியில் ஒரு பங்கே என்று அடில்மன் கணக்கிட்டார். ஒரு கிராம் உலர்ந்த டி.என்.ஏ. ஓர் இலட்சம் கோடி குறுந்தகடுகளின் செய்தியைத் தாங்கும் என்றார். சிலிக்கனின் காலம் முடிந்தது என்று இதழ்கள் எழுதின. ஆர்வம் மிகுதியானபோது இதழ்கள் அப்படித்தான் எழுதும்.

மறுமொழி அடுத்த ஆண்டே வந்தது. 1993-இல் டூரிங் விருது பெற்ற யூரிஸ் ஹார்ட்மானிஸ், 1995-இல் ‘கணிப்புகளின் எடை’ பற்றிச் சில பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். அடில்மனின் முறையை 200 நகரங்களுக்குக் கையாண்டால் தேவைப்படும் டி.என்.ஏ.வின் எடை, பூமியின் எடையினும் மிகுதியாக இருக்கும் என்று அவர் காட்டினார்.

சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்லை இரட்டித்துக் கேட்ட புலவனின் கதையை அறியாதார் இங்கு இலர். அரசனின் களஞ்சியம் தோற்றது கணிதத்திடம் அன்று. நெல்மணிக்கு எடையும் இடமும் உண்டு என்பதனிடம். ஹார்ட்மானிஸ் சொன்னதும் அதுவே. ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஓர் உடல் கொடுத்ததால்தான் டி.என்.ஏ. விரைந்து கணித்தது, ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஓர் உடல் வேண்டியிருப்பதால்தான் அது தோற்கும். வாக்கும் வரம்பும் இங்கே இரண்டு வெவ்வேறு பொருள்கள் அல்ல. இந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டால் பின்வந்த முயற்சிகள் எல்லாம் தெளிவாக விளங்கும்.

2002-இல் அடில்மனின் குழுவினரே 20 மாறிகள் கொண்ட ஒரு தருக்கக் கணக்கை, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சாத்தியங்களிலிருந்து டி.என்.ஏ.வால் தீர்த்தனர். 2011-இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் லூலூ சியான், எரிக் வின்ஃப்ரீ ஆகிய இருவரும் 130 இழைகளைக் கொண்டு, 15 வரையுள்ள எண்களின் வர்க்கமூலத்தைக் காணும் சுற்று ஒன்றைச் சமைத்தனர். விடை வரப் பல மணி நேரம் ஆயிற்று. பள்ளிச் சிறுவன் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவான். சிலிக்கனோடு ஓட்டப் பந்தயம் ஓடும் எண்ணம் இவ்வாறு மெல்லக் கைவிடப்பட்டது. அது நல்லதே. சிலிக்கன் புகமுடியாத இடம் ஒன்று உண்டு; அது உடம்பு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எகூட் ஷப்பீரோவின் குழுவினர் 2004-இல் அந்த வழியைக் காட்டினர். புற்றுநோயின் அடையாளமான சில மூலக்கூறுகள் மிகுந்துள்ளனவா, சில குறைந்துள்ளனவா என்று சோதித்து, எல்லாக் குறிகளும் பொருந்தினால் மட்டும் மருந்தாகத் தக்க ஓர் இழையை விடுவிக்கும் மூலக்கூறு அது. எல்லாம் சோதனைக் குழாயில் நடந்தது. நோயாளியின் உடலில் அன்று. ஆயினும் கணிக்கும் பொருளும் கணிக்கப்படும் பொருளும் ஒரே வகையாக இருப்பதன் பயன் அதில் தெளிவாயிற்று.

கணித்தலை விட்டு, எழுதி வைத்தலுக்கு வந்தால் கவிஞர்களுக்கு நேரடியான செய்தி உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் நிக் கோல்ட்மனும் ஈவன் பர்னியும் தம் குழுவினரோடு, ஷேக்ஸ்பியரின் 154 சானட் கவிதைகளையும், மார்ட்டின் லூதர் கிங் உரையின் 26 நொடி ஒலிப்பதிவையும், வேறு சிலவற்றையும் டி.என்.ஏ.வில் எழுதி, 2013-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். இழைகள் 1,53,335, ஒவ்வொன்றும் 117 எழுத்து நீளம். இந்த எழுத்து முறைக்கு ஒரு யாப்பு விதி உண்டு: ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வரலாகாது. அடுக்கி வரும் ஒரே எழுத்தில் படிக்கும் கருவி தடுமாறும் என்பதே காரணம். யாப்பு ஓசைக்காக மட்டுமே பிறந்தது என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். நினைவில் பிழையின்றி நிறுத்துவதற்காகவும் யாப்பு பிறக்கிறது.

மற்றொரு காப்பும் செய்தனர். ஒவ்வொரு பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நான்கு இழைகளில் இடம்பெறும். ஒன்று சிதைந்தாலும் மற்ற மூன்றை ஒப்பிட்டுப் பாடத்தை மீட்கலாம். இது உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்ட அதே வழி. ஏடெழுதுவோன் கைப்பிழையும் நொதியின் பிழையும் ஒரே வகைதான். இரண்டையும் திருத்துவது பிரதிகளின் பன்மைதான். இத்தனை காப்புச் செய்தும் ஐந்து கோப்புகளுள் ஒன்றில் இரண்டு இடைவெளிகள் விழுந்தன. அவற்றை ஆய்வாளர் தம் கையால் நிரப்ப வேண்டியதாயிற்று. பதிப்பாசிரியரின் தொழில் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

ஓலைக்கு இல்லாத நீண்ட ஆயுள் டி.என்.ஏ.வுக்கு உண்டு. சைபீரியாவின் உறைநிலத்தில் கிடந்த மம்மூத் யானையின் பல்லிலிருந்து பத்து இலட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட டி.என்.ஏ. படிக்கப்பட்டதாக 2021-இல் அறிவித்தனர். குளிரும் உலர்வும் இருந்தால் அது காத்துக் கிடக்கும். ஆனால் எழுதவும் படிக்கவும் ஆகும் காலம்? வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து, மனிதக் கை படாமல் எழுதிச் சேர்த்துத் திரும்பப் படிக்கும் கருவியைச் செய்து 2019-இல் வெளிப்படுத்தின. அது எழுதிப் படித்தது ஐந்தே எழுத்துடைய ‘ஹலோ’ என்ற ஒரு சொல். ஆன நேரம் 21 மணி. செலவும் மிகுதி. சானட்டுகளை எழுதிய குழுவினரே ஒரு மெகாபைட் எழுத 12,400 டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டியிருந்தனர். நாள்தோறும் புரட்டும் நூலுக்கு இது உதவாது. நூற்றாண்டுக்கு ஒருமுறை திறக்கும் பேழைக்கு உதவும்.

இதுவரை சொன்னவை உயிரின் பொருள், உயிர் அல்ல. உலர்ந்த டி.என்.ஏ. ஒரு வேதிப்பொருள், அவ்வளவே. உயிருள்ள அணுவையே கணிப்பொறியாக ஆக்கும்போது கணக்கின் உடல் வேறு தன்மை அடைகிறது. அதற்குப் பசிக்கும், கழிவு உண்டாகும், மூப்பு வரும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள கார்ட்டிகல் லேப்ஸ் நிறுவனத்தின் பிரெட் கேகனும் குழுவினரும் 2022 அக்டோபரில் ‘நியூரான்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனிதக் குருத்தணுவிலிருந்தும் எலியின் கருவிலிருந்தும் வளர்த்த ஏறத்தாழ எட்டு இலட்சம் நரம்பணுக்களை மின்முனைகள் பதித்த தட்டின்மேல் பரப்பி, ‘பாங்’ என்னும் பழைய பந்து விளையாட்டோடு இணைத்தனர். பந்து இருக்கும் இடத்தை மின்துடிப்புகள் அணுக்களுக்கு அறிவிக்கும். அணுக்களின் துடிப்பு மட்டையை நகர்த்தும். பந்தை அடித்தால் ஒழுங்கான துடிப்பு திரும்பி வரும். தவறவிட்டால் ஒழுங்கற்ற இரைச்சல் வரும். இரைச்சலைத் தவிர்க்கும் போக்கு அணுக்களுக்கு உண்டு என்பது கருத்து. ஐந்து நிமிட ஆட்டத்துக்குள் ஆட்டம் தேறியது என்று கட்டுரை கூறிற்று.

இதன் வாக்கு பெரிது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அவை அனைத்தும் இயங்க ஆவது 20 வாட், ஒரு சிறு விளக்கின் மின்செலவு. இன்றைய செயற்கை அறிவுப் பொறிகளைப் பயிற்றும் கூடங்கள் உண்ணும் மின்சாரத்தை நினைத்தால் இந்த எண்ணின் கவர்ச்சி விளங்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹார்ட்டுங் முதலியோர் 2023-இல் இதற்கென ஒரு துறையே வகுக்க முனைந்தனர். ஆனால் 20 வாட் என்பது மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு. அதற்கு உணவூட்டுவது உடம்பு. தட்டில் இருக்கும் அணுக்களுக்கு 37 பாகை வெப்பமும், அளந்த காற்றும், ஊட்டநீரும், கிருமி புகாத அடைப்பும் வேண்டும். அந்தச் செலவைக் கூட்டாமல் சொல்லும் கணக்கு அரைக்கணக்கு.

இன்னொன்று இதனினும் ஆழமானது. சிலிக்கனில் ஒரு பொறி கற்றதை அடுத்த நொடியே ஆயிரம் பொறிகளில் படியெடுக்கலாம். தட்டிலுள்ள அணுக்கள் கற்றதைப் படியெடுக்க வழியில்லை. அவை இறந்தால் அதுவும் போகும். 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹின்டன், கற்றது பொறியின் உடலோடு பிரிக்கவொண்ணாமல் கலந்துவிடும் கணிப்பை ‘இறப்புடைய கணிப்பு’ என்ற பெயரால் 2022-இல் குறித்தார். அவர் உயிரணுவை மட்டும் கருதவில்லை. ஆயினும் அந்தப் பெயர் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. சுவிட்சர்லாந்தின் ஃபைனல்ஸ்பார்க் நிறுவனம், தொலைவிலிருந்து ஆய்வாளர் பயன்படுத்துமாறு அமைத்த மூளையணு உருண்டைகளின் ஆயுள் நூறு நாள் அளவினது. மெல்போர்ன் நிறுவனம் 2025-இல் சுமார் 35,000 டாலர் விலையில் அறிவித்த பெட்டியில் அணுக்கள் ஆறு மாதம் வரை உயிர் தரிக்கும்.

சொல் வழக்குக்கு இப்போது வரலாம். 2022-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே, நரம்பணுக்கள் கற்கின்றன என்பதோடு ‘செண்டியன்ஸ்’ உடையவை என்றும் எழுதியிருந்தனர். புலனால் வருவதற்கு உள்ளிருந்து தக்கவாறு மறுமொழி தருதல் என்ற அளவில் மட்டுமே அச்சொல்லை ஆண்டதாக அவர்கள் விளக்கினர். ஆனால் இன்பதுன்பம் உணர்தல் என்பதே அச்சொல்லின் பொதுவழக்கு. 2023-இல் அதே இதழில் அறிவியலார் ஒரு குழுவினர் இந்த ஆட்சியை மறுத்து எழுதினர்.

இவ்வழக்கு தமிழுக்குப் புதிதன்று என்பதே வியப்பு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அங்கே அறிவு என்பது முதலில் புலன்: உடம்பால் தொட்டறிவது முதலாவது, நா, மூக்கு, கண், செவி அடுத்தடுத்து வரும், மனம் ஆறாவது. உணர்தலையும் அறிதலையும் ஒரே சொல்லில் அடக்கி, இரண்டுக்கும் இடையே படிகளை வைத்தது அந்த நூல். இன்று ‘செயற்கை அறிவு’ என்று பெயரிட்டபோது தமிழர் அச்சொல்லின் மேற்படியை மட்டும் எடுத்துக்கொண்டனர். சதுரங்கம் ஆடும் சிலிக்கன் பொறிக்கு அந்தக் கணக்கில் ஓரறிவும் இல்லை. தட்டில் கிடக்கும் நரம்பணுத் தொகுதிக்குக் கண்ணும் செவியும் நாவும் இல்லை. தன்மேல் படும் துடிப்பு ஒன்றுதான் அதற்கு உலகம். உற்றறியும் முதற்படியில் அதனை வைக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. ஆய்வாளர் இரு தரப்பாரும் ஒரே சொல்லுக்குள் நின்று மோதியதற்குப் படிகள் இல்லாமையும் ஒரு காரணம்.

இது வெறும் பெயர் ஆராய்ச்சி அன்று; பெயரைப் பொறுத்துக் கடமை மாறும். 1951-இல் பால்டிமோரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் புற்றணுக்களை அவர் அறியாமலே எடுத்து வளர்த்தனர். அவை இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றால் பொருளீட்டிய நிறுவனம் ஒன்று அவர் வழித்தோன்றல்களோடு சமரசம் கண்டது 72 ஆண்டுகள் கழித்து, 2023-இல். இன்று தோலணுவையோ குருதியணுவையோ பின்னோக்கித் திருப்பிக் குருத்தணுவாக்கி, அதிலிருந்து நரம்பணுவை வளர்க்கலாம். மனித அணுவில் இதனை 2007-இல் செய்து காட்டிய ஜப்பானின் ஷின்யா யாமனாகா 2012-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆய்வுக்கு இசைந்து அணு கொடுத்த ஒருவர், அதன் வழிவந்த நரம்பணு விலைப்பெட்டிக்குள் கணக்குப் போடுவதற்கும் இசைந்தவர் ஆவாரா? வெறும் வேதிப்பொருள் என்று பெயரிட்டால் ஒரு விடை. ஓரறிவுயிர் என்று பெயரிட்டால் வேறொரு விடை.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு உடனடியான ஒரு சிறு வேலையும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டியில் நிகழ்வதை எந்த வினையால் குறிப்பது? கணினித் தமிழில் உள்ளவை நிறுத்துதல், அணைத்தல், அழித்தல், பழுதாதல். இவற்றுள் எதுவும் அங்கு நிகழவில்லை. இறந்தது என்றால் உரிய அளவுக்கு மேல் சொன்னதாகலாம். மரம் உயிர்விடுவதைத் தமிழர் வேறு சொல்லால் குறிப்பர். பட்டுப்போயிற்று என்பர். பொருள் உடைந்ததற்கும் விலங்கு இறந்ததற்கும் வழங்காத அந்தச் சொல், ஓரறிவுயிரின் முடிவுக்கென்றே வழக்கில் இருக்கிறது. பொருத்தமான வேறு சொல் கிடைக்கும் வரையில், மொழிபெயர்ப்போர் அதனை ஆண்டு பார்க்கலாம்.